ஈரோட்டுச் சரக்கு, பெங்களூருப் பாக்கி: தாவா எந்தக் கோர்ட்டில்?

தறிநூல் | 8 ஜூலை 2024, காலை 10:20

வாதி ஈரோட்டில் துணி மொத்த வியாபாரம். பிரதிவாதி பெங்களூரில் கடை வைத்திருக்கும் தனிநபர், வேறெங்கும் கிளை இல்லை. ஆர்டர் போனில். சரக்கை ஈரோட்டு லாரி ஆபீஸில் ஏற்றியாகிவிட்டது, வாடகை வாங்குபவர் பொறுப்பு. பாக்கி 14 லட்சம். இன்வாய்ஸ் அடியில் "ஈரோடு நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது" என்று அச்சு. ஒரு வக்கீல் "பிரதிவாதி இருக்கிற ஊரில்தான் போடணும்" என்கிறார். இன்னொருவர் "இன்வாய்ஸில் அடிச்சாச்சு, ஈரோடுதான், பேச்சே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?

ஒத்திவைப்பு | 8 ஜூலை, காலை 10:52

ஆளுக்குப் பாதி சரி.

பணத் தாவாவுக்கு சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 20. பிரதிவாதி குடியிருக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடம். பிரதிவாதிகள் பலர் என்றால், ஒருவர் இருக்கும் இடத்தில் கோர்ட் அனுமதி வாங்கியோ மற்றவர்கள் மறுக்காமல் விட்டாலோ போடலாம். கடைசியாக, வியாஜ்ஜிய மூலம் (தாவா போடக் காரணமான நிகழ்வுகள்) முழுவதுமாகவோ ஒரு பகுதியோ எழுந்த இடம். அந்த "ஒரு பகுதி" என்ற சொல்தான் உங்களுக்குச் சோறு போடுகிறது. ஈரோட்டில் ஒரு பகுதி எழுந்தது என்று காட்டிவிட்டால் போதும், பெங்களூரு போக வேண்டியதில்லை.

இன்வாய்ஸ் அச்சு தனியாக வரம்பைத் தராது. இல்லாத வரம்பை இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாலும் உண்டாக்க முடியாது. இருக்கிற இரண்டு மூன்று கோர்ட்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் ஒப்பந்தம் உதவும். 1971இல் ஹாகம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆக முதல் கேள்வி, அச்சைத் தள்ளி வைத்துவிட்டு, ஈரோட்டில் என்ன நடந்தது என்பது.

கட்டு எண் 17 | 8 ஜூலை, காலை 11:15

ஈரோட்டில் என்ன நடந்தது என்பதை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் எங்கே உருவானது? போன் ஆர்டருக்கு 1966 பகவான்தாஸ் கேடியா தீர்ப்பு: ஏற்பு காதில் விழுந்த இடத்தில்தான் ஒப்பந்தம். பெங்களூர்க்காரர் "இந்த விலைக்கு 200 பீஸ் வேணும்" என்று கேட்டு, ஈரோட்டிலிருந்து "சரி, அனுப்புறேன்" என்றால் அந்த ஏற்பு விழுந்தது பெங்களூரில். ஒப்பந்தம் அங்கே. மாறாக ஈரோட்டுக்காரர் விலை சொல்லி, அங்கிருந்து "சரி, ஏத்துங்க" என்று வந்திருந்தால் ஒப்பந்தம் ஈரோட்டில். பிராதில் (தாவா மனுவில்) "தொலைபேசி மூலம் ஆர்டர் பெறப்பட்டது" என்று மொட்டையாக எழுதி இந்தப் பாயிண்டை வீணடிப்பவர்களே அதிகம். யார் கேட்டார், யார் ஒத்துக்கொண்டார் என்று எழுத வேண்டும்.

டெலிவரி எங்கே? சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 39: வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே, வேறு நிபந்தனை இல்லாதவரை, வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரி. லாரி ரசீதில் ஈரோடு இருக்கிறது, வாடகையும் அவர் பொறுப்பு. இது கெட்டியான பாயிண்ட்.

பணம் எங்கே தர வேண்டும்? ஒப்பந்தத்தில் இடம் சொல்லாவிட்டால் கடன் பட்டவர்தான் கடன் கொடுத்தவரைத் தேடிப் போய்த் தர வேண்டும் என்ற பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 49ஐயும் சேர்த்துப் படியுங்கள். முந்தைய பில்களுக்கு ஈரோட்டு வங்கிக் கணக்கில் பணம் வந்திருந்தால் அந்த ஸ்டேட்மெண்ட் தங்கம்.

தறிநூல் | 8 ஜூலை, காலை 11:31

வக்கீல் நோட்டீஸ் ஈரோட்டிலிருந்துதான் போனது. அதையும் சேர்க்கலாமா?

கட்டு எண் 17 | 8 ஜூலை, காலை 11:34

அனுப்பியது எங்கிருந்து என்பதால் வரம்பு வராது. வரும் என்றால் எல்லாரும் ஊட்டிக்குப் போய் நோட்டீஸ் போட்டுவிட்டு அங்கேயே தாவா போடுவார்கள்.

காசோலை | 8 ஜூலை, பகல் 12:40

அவர் கொடுத்த செக் ஈரோட்டு வங்கியில் போட்டுத் திரும்பியிருந்தால் வேலை முடிந்தது. வாதியின் வங்கிக் கிளை இருக்கும் இடம்தான் வரம்பு, 2015 திருத்தம்.

ஒத்திவைப்பு | 8 ஜூலை, பகல் 12:58

அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 142(2). பிரிவு 138 குற்ற வழக்குக்கு மட்டும். உரிமையியல் தாவாவுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. செக் கொடுத்த இடமும் பணம் கிடைக்க வேண்டிய இடமும் வியாஜ்ஜிய மூலத்தின் பகுதி என்று வாதிடலாம், ஆனால் பிரிவு 20இன் கீழ். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். கிரிமினல் கோர்ட்டில் ஈரோடு சரி என்றானதாலேயே சப் கோர்ட்டில் சரி என்றாகாது.

பெஞ்ச் ஓரம் | 8 ஜூலை, மாலை 6:05

இன்வாய்ஸ் அச்சுக்கு வருவோம். இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் நமக்குச் சட்டம் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஏ.பி.சி. லாமினார்ட் எதிர் ஏ.பி. ஏஜென்சீஸ், சேலம் (1989). குஜராத் விற்பனையாளர், ஆர்டர் உறுதிப் படிவத்தில் "கைரா வரம்புக்கு உட்பட்டது". சேலத்தில் தாவா. "மட்டும்", "தவிர வேறெங்கும் இல்லை" மாதிரி சொல் இல்லாததால் சேலம் கோர்ட் விலக்கப்படவில்லை என்று தீர்ப்பு.

இதோடு நிறுத்திக்கொண்டு வாதாடப் போனால் அடி விழும். 2013 ஸ்வஸ்திக் கேசஸ் தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் அமர்வு, "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும், ஒரு ஊரைக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம்தான் என்றது. ஆக இன்று அச்சிட்ட வரி அன்றைவிட வலிமையானது.

ஆனால் அந்த வரி ஒப்பந்தத்தின் பகுதியா என்பதை நிரூபித்தாக வேண்டும். சரக்கோடு போன இன்வாய்ஸில் ஒரு தரப்பு அடித்த வரி, எதிர்த்தரப்பு கையெழுத்து இல்லை. "எனக்கு அது தெரியாது" என்பார். முந்தைய பத்துப் பன்னிரண்டு இன்வாய்ஸையும் மறுப்பில்லாமல் வாங்கிப் பணம் கட்டியிருக்கிறார் என்று காட்டினால் ஒப்புதல் என்று கொள்ள இடமுண்டு. ஆர்டர் படிவத்திலோ, கணக்கு உறுதிக் கடிதத்திலோ அவர் கையெழுத்துக்கு மேலே அதே வரி இருந்தால் கவலையே இல்லை.

மலையேற்றம் | 8 ஜூலை, இரவு 9:22

பெஞ்ச் ஓரம் சொன்னதோடு இதையும் சேர்க்கணும்: போடிநாயக்கனூர் ஏலக்காய். படேல் ரோட்வேஸ் எதிர் பிரசாத் டிரேடிங் (1991). லாரி கம்பெனியின் தலைமை அலுவலகம் பம்பாய், கிளை போடியில். போடியில் ஏற்றிய ஏலக்காய் டெல்லிக் கிடங்கில் தீயில் போனது. ரசீதில் "பம்பாய் கோர்ட் மட்டும்". தாவா பெரியகுளம் சப் கோர்ட்டில். பிரிவு 20 விளக்கப்படி, கிளை இருக்கும் ஊரில் வியாஜ்ஜிய மூலம் எழுந்தால் கம்பெனி அந்தக் கிளை இருக்கும் இடத்தில் தொழில் செய்வதாகத்தான் அர்த்தம், தலைமை அலுவலக ஊருக்கு அந்த வழக்கில் வரம்பே கிடையாது. வரம்பே இல்லாத பம்பாயை ஒப்பந்தத்தால் தேர்ந்தெடுக்க முடியாது. வரி செல்லாது.

பெரிய கம்பெனி மேல் தாவா போடுபவர்கள் பதிவு அலுவலகம் இருக்கும் ஊருக்கு ஓடுவதற்கு முன் இதைப் படிக்கணும்.

தறிநூல் | 9 ஜூலை, காலை 8:45

சரி, ஈரோடு என்று வைத்துக்கொள்வோம். 14 லட்சத்துக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம், 42 ஆயிரம். நாளைக்கே தாக்கல் செய்யலாமா?

ஒத்திவைப்பு | 9 ஜூலை, காலை 9:10

செய்தால் தள்ளுபடி.

வியாபாரிகளுக்குள் சரக்கு விற்பனை, 3 லட்சத்துக்கு மேல். வணிக நீதிமன்றச் சட்டம், 2015. முதலில் 1 கோடி என்றிருந்த வரம்பு 2018 திருத்தத்தில் 3 லட்சமாக இறங்கியது. அதே திருத்தத்தில் 12ஏ வந்தது: அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத தாவா என்றால், முன் சமரசம் முடிக்காமல் தாக்கல் செய்ய முடியாது. பட்டீல் ஆட்டோமேஷன் (2022) அதைக் கட்டாயம் என்று உறுதி செய்தது. 20 ஆகஸ்ட் 2022க்குப் பிறகு தாக்கலான பிராது சி.பி.சி. ஆர்டர் 7 ரூல் 11இல் நிராகரிக்கப்படும்.

வழி: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, கட்டணம் 1,000 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். வராவிட்டால் அல்லது மறுத்தால் 'சமரசம் தொடங்கவில்லை' என்று படிவம் 3 தருவார்கள். அதைப் பிராதோடு இணைக்க வேண்டும். வந்தால் மூன்று மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம் தாவா போட உள்ள மூன்று வருடக் காலவரையறையில் சேராது.

அசலோடு தாக்கல் தேதி வரையான வட்டியையும் சேர்த்துத்தான் மதிப்பு. அசல் 2.80 லட்சம், வட்டியோடு 3.10 லட்சம் என்றாலும் வணிக கோர்ட்தான். சாதாரணத் தாவாவாகப் போட்டுவிட்டு நடுவில் முழிப்பது இந்த இடத்தில்தான்.

கட்டு எண் 17 | 9 ஜூலை, காலை 9:41

அவசர நிவாரணம் என்று சும்மா ஒரு இடைக்கால மனுவை ஒட்டித் தாண்டப் பார்க்கிறார்கள். உண்மையிலேயே சொத்தை விற்றுவிட்டு ஓடுகிறார் என்பதற்கு ஏதாவது கையில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் 42 ஆயிரத்தை வைத்துச் சூதாடாதீர்கள்.

வரப்பு | 9 ஜூலை, பகல் 1:15

இடையில் ஒரு கேள்வி. நிலம் கோபியில். கிரய ஒப்பந்தம் சென்னையில் கையெழுத்தானது, முன்பணம் சென்னையில், விற்பவரும் சென்னையில். ஒப்பந்தத்தில் "சென்னை கோர்ட் மட்டும்". தாவா சென்னையில்தானே?

பெஞ்ச் ஓரம் | 9 ஜூலை, பகல் 2:02

இல்லை. நிலத்துக்குப் பிரிவு 16. நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே. ஒப்பந்தப்படி கிரயமும் சுவாதீனமும் கேட்டால் அது நிலத்தின் மேலான நிவாரணம். ஹர்ஷத் சிமன் லால் மோடி எதிர் டி.எல்.எஃப். (2005): மனை குர்கானில், ஒப்பந்தமும் பணமும் டெல்லியில், ஒப்பந்தத்திலும் டெல்லி. டெல்லிக்கு வரம்பில்லை என்று முடிந்தது.

பிரிவு 16 விதிவிலக்கு ஒன்று உண்டு: பிரதிவாதி தன் கையால் செய்யும் செயலே நிவாரணத்தை முழுக்கத் தந்துவிடும் என்றால் அவர் இருக்கும் ஊரிலும் போடலாம். சுவாதீனம் கேட்ட நிமிடமே அந்த வாசல் மூடுகிறது.

நிலம் இரண்டு தாலுகாவில், இரண்டு கோர்ட் எல்லையில் கிடந்தால் பிரிவு 17, எதில் வேண்டுமானாலும். எல்லையே குழப்பம் என்றால் பிரிவு 18, அதைப் பதிவு செய்துவிட்டு அந்தக் கோர்ட் நடத்தலாம்.

மலையேற்றம் | 9 ஜூலை, பகல் 2:30

சென்னை உயர் நீதிமன்ற அசல் பிரிவு (நேரடியாகத் தாவா விசாரிக்கும் பிரிவு) என்றால் கணக்கு வேறு. பிரிவு 120 அங்கே 16, 17, 20 மூன்றையும் விலக்குகிறது. லெட்டர்ஸ் பேடண்ட் (உயர் நீதிமன்றத்தை நிறுவிய சாசனம்) 12ஆம் ஷரத்து வருகிறது. வியாஜ்ஜிய மூலத்தில் ஒரு பகுதிதான் சென்னையில் என்றால், தாவா எண் ஆகும் முன்பே அனுமதி மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பின்னால் வாங்கி ஒட்டவைக்க முடியாது. நகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு இந்த அனுமதி வேலை கிடையாது.

ஒத்திவைப்பு | 9 ஜூலை, மாலை 5:48

வரப்புக்குச் சொன்ன பதிலில் ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. பெஞ்ச் ஓரம் அதைத் தொடவில்லை.

பிரிவு 21: தாவா போட்ட ஊர் தவறு என்ற ஆட்சேபத்தை முதல் கோர்ட்டிலேயே, முடிந்தவரை சீக்கிரம், எழுவினா (தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைவதற்குள் எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டில் முதல்முறை சொன்னால் எடுபடாது. அதோடு நீதி பிறழ்ந்தது என்றும் காட்ட வேண்டும். பணமதிப்பு வரம்புக்கும் அதே. 21ஏ: ஊர் தவறு என்பதற்காக இன்னொரு தாவா போட்டு டிக்ரியை உடைக்க முடியாது. ஆக, ஊரும் தொகையும் விட்டுக்கொடுக்கக் கூடியவை. 1962 ஹீராலால் பட்னி, 1966 பஹ்ரைன் பெட்ரோலியம் இரண்டும் இதைத்தான் சொல்கின்றன.

ஆனால் ஹர்ஷத் மோடியில், நில வழக்கில் பிரிவு 16ஐ மீறினால் அது வெறும் ஊர்க் குறை இல்லை, பொருள் மீதான வரம்புக் குறை, எனவே டிக்ரி செல்லாது என்றார்கள். அதில் பிரதிவாதி முதலில் வரம்பை ஒப்புக்கொண்டுவிட்டுப் பல வருடம் கழித்துத்தான் எழுப்பினார். அப்படியும் எடுபட்டது. என் வாசிப்பில் பிரிவு 21 "இடம்" என்று பொதுவாகத்தான் பேசுகிறது, 16ஐ விலக்கவில்லை. அதனால் இந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்தல்தான். உறுத்தினாலும் கட்டுப்பட வேண்டியதுதானே.

பெஞ்ச் ஓரம் | 9 ஜூலை, மாலை 6:20

உறுத்தல் நியாயம். நடைமுறையில் பிரதிவாதி பக்கம் நிற்பவர் இரண்டையும் நம்பி உட்காரக் கூடாது. எதிர்வழக்குரையின் முதல் பத்தியிலேயே "இக்கோர்ட்டுக்கு வரம்பில்லை" என்று போடுங்கள், காரணத்தோடு. ஒரு வரியில் "வரம்பில்லை" என்று மட்டும் இருந்தால் எழுவினா கூட வனைய மாட்டார்கள். ஆட்சேபித்துக்கொண்டே மற்றவற்றுக்கும் பதில் போடலாம். பதில் போட்டதாலேயே விட்டுக்கொடுத்ததாகாது.

தாசில் | 9 ஜூலை, இரவு 8:11

விட்டுக்கொடுக்கவே முடியாத வகை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரிவு 9. சட்டம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடுத்த விஷயத்தில் சிவில் கோர்ட் கையே வைக்க முடியாது. இரு தரப்பும் சம்மதித்தாலும், பத்து வருடம் நடத்தி முடித்தாலும், டிக்ரி வெறும் காகிதம். நிறைவேற்று மனுவில் கூட எழுப்பலாம். 1954 கிரண் சிங்.

இங்கே அடிக்கடி மாட்டுபவை: அடமானச் சொத்தை வங்கியே எடுக்கும் சர்ஃபேசி சட்ட நடவடிக்கை (அதன் பிரிவு 34 தடை, மோசடி மாதிரி மிகக் குறுகிய சந்துதான் மார்டியா கெமிக்கல்ஸ் விட்டது), வங்கிக் கடன் 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம், 2019 பிப்ரவரிக்குப் பின் வாடகைக் கோர்ட் விஷயங்கள், ரேரா (மனை வணிகச் சட்டம்), கம்பெனிச் சட்டம் பிரிவு 430, அறநிலையத் துறைச் சட்டம் 108.

பட்டா கேஸில் ஒரு நுணுக்கம். பட்டா புத்தகச் சட்டம் 1983, பிரிவு 14, பதிவை மாற்றச் சொல்லி அரசு மேல் போடும் தாவாவைத் தடுக்கிறது. ஆனால் உரிமை விளம்புகை (சொத்து என்னுடையது என்ற அறிவிப்பு) கேட்டு எதிர் உரிமை கொண்டாடுபவர் மேல் போடுவதை அதே பிரிவின் காப்புரை (விதிவிலக்கு) அனுமதிக்கிறது. பரிகாரத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் தாவா பிழைப்பதும் சாவதும். "பட்டாவை ரத்து செய்" என்று முதல் பரிகாரம் எழுதிய பிராதை நம்பராக்காமல் திருப்பினால் கோர்ட்டைத் திட்டிப் பயனில்லை.

தறிநூல் | 10 ஜூலை, காலை 7:50

ஈரோட்டில் போட்டு, அந்தக் கோர்ட் "எனக்கு வரம்பில்லை" என்றால் 42 ஆயிரம் போச்சா?

கட்டு எண் 17 | 10 ஜூலை, காலை 8:30

போகாது. ஊர் தவறு என்றால் பிராது திருப்பப்படும், ஆர்டர் 7 ரூல் 10. ரூல் 11 நிராகரிப்பு இல்லை. இரண்டையும் சேர்த்து மனுப் போடும் பிரதிவாதி வக்கீல்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பும் உத்தரவுக்கு முன் 10ஏயில் ஒரு மனு போடுங்கள்: எந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்யப்போகிறேன், அங்கே ஆஜராகும் தேதியைக் குறித்துத் தாருங்கள் என்று. குறித்துத் தந்தால் பெங்களூரில் மறுபடி சம்மன் அனுப்ப வேண்டியதில்லை. மூன்று நான்கு மாதம் மிச்சம்.

முன்பு கட்டிய கட்டணத்துக்கு வரவு கேட்கலாம். காலவரையறைச் சட்டம் பிரிவு 14, தவறான கோர்ட்டில் செலவான காலத்தைக் கழிக்கும், நல்லெண்ணத்தோடும் முனைப்போடும் நடத்தியிருந்தால். ஆனால் விசாரணை முதலிலிருந்து. ஈரோட்டில் எடுத்த சாட்சியம் அங்கே தொடராது, 2020 எக்ஸல் கேரியர்ஸ்.

இன்னொன்று. பிராதின் வரம்புப் பத்தி. ஆர்டர் 7 ரூல் 1(எஃப்) வரம்பைக் காட்டும் உண்மைகளைக் கேட்கிறது. "இக்கோர்ட் வரம்புக்குட்பட்ட ஈரோட்டில் வியாஜ்ஜிய மூலம் எழுந்தது" என்ற வரி உண்மை இல்லை, முடிவு. லாரி ரசீது எண், தேதி, ஏற்றிய இடம், பணம் வந்த வங்கிக் கிளை, இவைதான் உண்மைகள். வரம்பு பற்றிய முதல் பார்வை பிராதை மட்டும் வைத்துத்தான் நடக்கும், எதிர்வழக்குரையை வைத்து இல்லை.

அமீனா | 10 ஜூலை, மாலை 7:15

எல்லாரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆளைக் கோர்ட்டுக்குள் கொண்டுவருவது சம்மன். வரம்பு சரியாக இருந்து சம்மன் சரியில்லை என்றால் டிக்ரி மணல் வீடு.

பேட்டாவும் (சம்மன் அனுப்பும் கட்டணம்) பிராது நகலும் ஏழு நாளுக்குள். கட்டாமல் விட்டதால் சம்மன் போகவில்லை என்றால் ஆர்டர் 9 ரூல் 2, தாவா தள்ளுபடி. சம்மன் சார்வாகாமல் (உரியவரிடம் சேராமல்) திரும்பி வந்தபின் ஏழு நாள் மறு சம்மன் கேட்காவிட்டால் ரூல் 5, அதுவும் தள்ளுபடி. குமாஸ்தா லீவில் போன வாரங்களில்தான் இவை நடக்கும்.

பெங்களூரு என்றால் அந்த ஊர்க் கோர்ட் மூலம் அனுப்பலாம் (ஆர்டர் 5 ரூல் 21), கூடவே பதிவுத் தபால், கூரியர், மின்னஞ்சல் (ரூல் 9). தமிழ்ப் பிராது என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள். சம்மனோடு பிராது நகல் போகாவிட்டால் சார்வு குறையுள்ளது; பின்னால் இதை வைத்தே உடைப்பார்கள்.

தபால்காரர் குறிப்பு "வாங்க மறுப்பு" என்றால் சார்வானதாகக் கோர்ட் அறிவிக்கலாம். "கதவு பூட்டு", "ஆள் இல்லை", "விலாசம் விட்டுப் போய்விட்டார்" இவை மறுப்பு இல்லை. சரியான விலாசம், தபால்தலை, பதிவு எல்லாம் இருந்து அத்தாட்சி அட்டை தொலைந்தோ 30 நாளில் வராமலோ போனாலும் சார்வாகக் கொள்ளலாம்.

வீட்டில் ஆள் இல்லை என்றால் கூடவே குடியிருக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் தரலாம், ஆணோ பெண்ணோ. வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் இல்லை என்று சட்டமே சொல்கிறது. கடைப் பையனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்த சார்வு, ஒருதலைப்பட்ச டிக்ரி ஆனபிறகு வெடிக்கும்.

கதவில் ஒட்டுவது கடைசி. எப்போது போனேன், எத்தனை முறை, வீட்டை அடையாளம் காட்டியவர் பெயர் விலாசம், யார் முன்னால் ஒட்டினேன், எல்லாம் பின்குறிப்பில் வேண்டும். "வீடு பூட்டியிருந்ததால் ஒட்டப்பட்டது" என்று ஒற்றை வரியில் வந்த சம்மன் ஒட்டினதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையேற்றம் | 10 ஜூலை, இரவு 8:40

அமீனா சொன்னதற்கு வால். பேப்பர் விளம்பரம் (ரூல் 20) கேட்க, பிரதிவாதி சம்மனைத் தவிர்க்க ஒளிகிறார், அல்லது வேறு எப்படியும் சார்வு செய்ய முடியாது என்று கோர்ட் நம்ப வேண்டும். அவர் கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த ஊரில் ஓடும் நாளிதழ் வேண்டும். பெங்களூருக்காரருக்கு ஈரோடு பதிப்பில் போட்டால் யாருக்கு விளம்பரம்?

ஒருதலைப்பட்ச டிக்ரியை நீக்க 30 நாள், காலவரையறைச் சட்டம் 123ஆம் ஷரத்து. சம்மன் முறையாகச் சார்வாகியிருந்தால் டிக்ரி தேதியிலிருந்து. ஆகாவிட்டால் தெரிந்த நாளிலிருந்து. பேப்பர் விளம்பரம் இதற்கு முறையான சார்வு ஆகாது என்று அந்த ஷரத்தே சொல்கிறது. அதனால் பேப்பர் விளம்பரத்தில் வாங்கிய டிக்ரி, நிறைவேற்றும்போது ஆள் வந்து கதவைத் தட்டும் டிக்ரி.

ஆனால் ஆர்டர் 9 ரூல் 13 காப்புரை: சம்மனில் சின்னக் குறை, ஆனால் தேதி தெரியும், வர நேரமும் இருந்தது என்றால், அந்தக் குறைக்காக மட்டும் நீக்கக் கூடாது.

கடல்தாண்டி | 10 ஜூலை, இரவு 10:05

பிரதிவாதி துபாயில் இருந்தால்?

ஒத்திவைப்பு | 11 ஜூலை, காலை 9:00

வியாஜ்ஜிய மூலம் இங்கே என்றால் தாவாவும் இங்கே. டிக்ரியை அங்கே நிறைவேற்றுவது அந்நாட்டுச் சட்டத்தின் பாடு. எதிர்த்திசையில், அந்நிய நாட்டுத் தீர்ப்பை இங்கே கொண்டுவர, பரஸ்பரம் அறிவிக்கப்பட்ட (தீர்ப்புகளை ஒருவருக்கொருவர் ஏற்கும்) நாடு என்றால் சி.பி.சி. 44ஏயில் நேரே நிறைவேற்றலாம். ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் சேர்ந்தது. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை; அங்கே வாங்கிய தீர்ப்பின் மேல் இங்கே மூன்று வருடத்துக்குள் புதுத் தாவா. இரண்டிலும் பிரிவு 13 சோதனை உண்டு. அந்தக் கோர்ட்டுக்கு வரம்பு இருந்ததா என்பது முதல் கேள்வி. எதிர்ப்பே சொல்லாமல் அங்கே ஆஜராகி வாதாடினவர் வரம்புக்குத் தலைகொடுத்துவிட்டார்.

பெஞ்ச் ஓரம் | 11 ஜூலை, காலை 9:35

தறிநூல், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். தாவா தாக்கலான நாளில் இறந்திருந்தவர் மேல் போட்ட தாவா தாவாவே இல்லை. வாரிசைச் சேர்த்துச் சரிசெய்யும் ஆர்டர் 22, நடுவில் இறந்தால்தான். பிரதிவாதி கம்பெனி என்றால் ஆர்டர் 29: செயலர், இயக்குநர், முதன்மை அதிகாரி, அல்லது பதிவு அலுவலகம். அரசு என்றால் இரண்டு மாத நோட்டீஸ், பிரிவு 80.

வணிகத் தாவாவில் எதிர்வழக்குரைக்கு 120 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை (2019 எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ்). சாதாரணத் தாவாவில் 90 நாள் இளக்கமானது என்றது சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட 2005 வழக்கு. மறுபடியும் சேலம்! ஆக, சம்மன் சார்வான தேதி உங்கள் பக்கமும் எண்ண வேண்டிய தேதி.

தறிநூல் | 11 ஜூலை, மாலை 4:10

டிக்ரி ஈரோட்டில். சொத்து பெங்களூரில். பிறகு?

கட்டு எண் 17 | 11 ஜூலை, மாலை 4:52

இதைத்தான் தாவா போடும் முன்பே எடைபோட வேண்டும். பிரிவு 39(4): ஈரோட்டுக் கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் சொத்தையோ ஆளையோ தொடாது. டிக்ரியைப் பெங்களூருக்கு மாற்ற மனு, டிக்ரி நகல், பாக்கி எவ்வளவு நிற்கிறது என்ற சான்று, ஆர்டர் 21 ரூல் 6. அங்கே நிறைவேற்று மனு போட அங்கே ஒரு வக்கீல். காலவரையறை 12 வருடம், ஆனால் 12 வருடம் காத்திருந்தால் கடையில் வேறு பெயர்ப் பலகை தொங்கும்.

எனவே சாட்சிகள் ஈரோட்டில், கணக்குப் புத்தகம் ஈரோட்டில், விசாரணைக்கு ஈரோடு வசதி. வசூலுக்குப் பெங்களூரு வசதி. எதிர்த்தரப்பு வழக்காடுவார் என்றால் ஈரோடு. வரவே மாட்டார், ஒருதலைப்பட்சம்தான் என்று தெரிந்தால் நான் பெங்களூரில் போடச் சொல்வேன்.

ஒத்திவைப்பு | 11 ஜூலை, மாலை 5:30

கட்டு எண் 17 கடைசி வரியில் உடன்பாடில்லை. வரமாட்டார் என்று நம்பி அங்கே போனால், வந்து நின்று மூன்று வருடம் இழுப்பார். ஈரோட்டிலிருந்து ஒவ்வொரு சாட்சியையும் பஸ் ஏற்றணும்.

கட்டு எண் 17 | 11 ஜூலை, மாலை 5:41

வீடியோ சாட்சியம் இருக்கிறது அண்ணே.

ஒத்திவைப்பு | 11 ஜூலை, மாலை 5:43

நெட் இருக்கா?

தாசில் | 11 ஜூலை, இரவு 9:18

வாதி வெறும் வியாபாரி இல்லாமல் சொந்தத் தறியில் நெய்து விற்பவர் என்றால், சிறு தொழில் சட்டம் 2006, பிரிவு 18 பாருங்கள். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவர் இருக்கும் ஊர்க் கவுன்சிலுக்கு (இந்தச் சட்டத்தின் பாக்கித் தகராறு மன்றம்) வரம்பு. இன்வாய்ஸ் வரியும் வேண்டாம், வியாஜ்ஜிய மூலச் சண்டையும் வேண்டாம். வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பணம் தர அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஒரே நிபந்தனை, சரக்கு அனுப்பும் முன்பே சிறு தொழிலாகப் பதிவு இருந்திருக்க வேண்டும். பில் போட்ட பிறகு எடுத்த பதிவு அந்தப் பில்லுக்கு உதவாது என்றது 2021 சில்பி இண்டஸ்ட்ரீஸ்.

தறிநூல் | 12 ஜூலை, காலை 10:05

சொந்தத் தறிதான். உத்யம் பதிவு 2021 மார்ச், பாக்கி பில்கள் எல்லாம் 2023. லாரி ரசீது ஒன்பதில் இரண்டு இல்லை.

தாசில் | 12 ஜூலை, காலை 10:22

அப்படியென்றால் கவுன்சில். லாரி ஆபீஸில் நகல் கேட்டு வாங்குங்கள், கூடவே அந்த இரண்டு பில்லுக்கும் ஈ-வே பில் எடுத்து வையுங்கள். புறப்பட்ட இடமும் வண்டி எண்ணும் அதில் இருக்கும்.